இட்லி கப்பலேறி வந்ததா? ஒரு கருதுகோளின் மறுவாசிப்பு

இட்லி இந்தோனேசியாவிலிருந்து வந்த பண்டம் என்பது இன்று உணவுத் துணுக்குகளிலும் வார இதழ்ப் பெட்டிச் செய்திகளிலும் முடிந்த முடிவாகவே சொல்லப்படுகிறது. இதன் ஊற்று உணவு வேதியியல் அறிஞர் கே. டி. அச்சயா. இந்திய உணவு வரலாறு பற்றி 1994-இல் வெளிவந்த தம் நூலில் அவர் இதை ஓர் ஊகமாகத்தான் முன்வைத்தார். கைமாறிக் கைமாறி அது வரலாறாகிவிட்டது. அந்த ஊகத்தின் கால்கள் எவ்வளவு உறுதியானவை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அச்சயா திரட்டிய சான்றுகளில் எனக்குக் குறையில்லை. ஏறத்தாழ கி.பி. 920-இல் சிவகோட்டியாச்சாரியார் கன்னடத்தில் இயற்றிய வட்டாராதனையில் ‘இட்டலிகெ’ வருகிறது. வீட்டுக்கு வந்த பிரமசாரி ஒருவருக்குப் பரிமாறப்படும் பண்டங்களுள் அதுவும் ஒன்று. அடுத்து, 1025-ஐ ஒட்டிய இரண்டாம் சாவுண்டராயரின் லோகோபகாரம். உளுந்தை மோரில் ஊறவைத்து, நைய அரைத்து, தயிரின் தெளிநீர் விட்டு, மல்லி, சீரகம், மிளகு, பெருங்காயம் சேர்க்கச் சொல்கிறது அந்நூல். 1130-ஐ ஒட்டி சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் வடமொழியில் தொகுத்த மானசோல்லாசத்தில் இது ‘இட்டரிகா’. அங்கும் உளுந்து மாவுதான். தமிழில் ‘இட்டலி’யைப் பதினேழாம் நூற்றாண்டு மச்சபுராணத்தில்தான் அவர் காண்கிறார்.

இந்தப் பழைய குறிப்புகளில் மூன்று இல்லை என்பது அவர் வாதம்: அரிசி இல்லை, மாவை நெடுநேரம் புளிக்கவைத்தல் இல்லை, ஆவியில் அவித்தல் இல்லை. இந்தோனேசியர் புளிக்கவைப்பதில் கைதேர்ந்தவர்கள்; 800-க்கும் 1200-க்கும் இடையில் அங்கிருந்த இந்து அரசர்களோடு போய்வந்த சமையற்காரர்கள் இம்மூன்றையும் கொண்டுவந்திருக்கலாம் என்று முடித்தார்.

முதலில் ஆவியை எடுத்துக்கொள்வோம். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், இந்தியரிடம் ஆவியில் வேகவைக்கும் கலம் இல்லை என்று எழுதியிருப்பது இக்கருதுகோளுக்குப் பெரிய தூண். ஆனால் அவர் இல்லை என்று சொன்னது, அடியில் துளையிட்டு மற்றொரு பானைமேல் ஏற்றிச் சோறாக்கும் சீனரின் தனிக்கலத்தை. அக்கலம் இல்லாமல் அவிக்க முடியாதா? பானை வாயில் துணியைக் கட்டி அதன்மேல் மாவை வார்த்தால் போதும். பாலக்காட்டுப் பக்கம் ராமசேரியில் இட்லி மண்பானை மேல் துணி விரித்துத்தான் வேகிறது. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இட்லிக்கு இலை பரப்பிய மூங்கில் குடலை. மங்களூர்ப் பக்கம் பலாவிலைத் தொன்னை. இவற்றுள் எதுவும் அகழாய்வுக் குழியில் ‘ஆவிக்கலம்’ என்ற பெயரோடு கிடைக்கப்போவதில்லை. தமிழ்நாட்டிலோ பிட்டுக்கு மண் சுமந்த கதை திருவாசகத்திலேயே இருக்கிறது. பிட்டை ஆவியின்றி வேறெப்படிச் செய்தார்கள் என்று யாராவது காட்டும்வரை, ஆவி தமிழருக்குக் கடல் கடந்து வந்த வித்தை என்பதை ஏற்க இடமில்லை.

புளிப்புப் பற்றிய வாதம் இதைவிடவும் வலுவற்றது. இங்கே அச்சயா நூல்களைப் படித்த அளவு மாவைப் படிக்கவில்லை என்று சொல்லத் தோன்றுகிறது. வேதியியலாளரைப் பற்றி இப்படிச் சொல்வது துடுக்குத்தான். இந்தோனேசியாவின் பேர்பெற்ற புளிப்புப் பண்டங்கள் இரண்டு. தெம்பே, வேகவைத்த சோயா மொச்சையின்மேல் ரைசோபஸ் பூஞ்சணத்தை வளர்த்துச் செய்வது. தாப்பே, வெந்த அரிசியிலோ மரவள்ளியிலோ ‘ராகி’ என்ற உலர்ந்த உறைவில்லையைத் தூவிச் செய்வது (நம் கேழ்வரகுக்கும் அதற்கும் உறவில்லை). இரண்டிலும் முதலில் வேகவைத்து, பிறகு வெளியிலிருந்து நுண்ணுயிரைச் சேர்க்கிறார்கள். இட்லி மாவில் முறை தலைகீழ். பச்சையாக அரைத்த மாவு தானாகப் புளிக்கிறது, அதன்பிறகுதான் வேகிறது. பொங்கவைக்கும் லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா உளுந்தோடும் அரிசியோடும் கூடவே வருவது என்பதை 1960-களின் நுண்ணுயிர் ஆய்வுகளே காட்டிவிட்டன. அது வெளிவிடும் கரியமில வாயுவைப் பிடித்துவைப்பது உளுந்தின் புரதமும் கொழகொழப்பும். உளுந்து இந்தியத் துணைக்கண்டத்தில் பயிராக்கப்பட்ட பருப்பு. உளுந்தை அரைத்து ஓர் இரவு வைத்தால் வெப்பநாட்டில் அது பொங்கியே தீரும். அதைக் கற்றுத்தர ஜாவாவிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை. போதாததற்கு, மோரிலும் தயிர்த்தெளிவிலும் ஊறும் சாவுண்டராயரின் உளுந்து தொடக்கத்திலேயே புளிப்பை நாடுகிறது. எவ்வளவு நேரம் வைக்கவேண்டும் என்று அவர் எழுதவில்லை என்றால், அவர் காலத்துச் சமையற்காரருக்கு அதை எழுதிக்காட்டத் தேவையில்லை என்பதும் ஒரு விளக்கம்தானே.

அரிசி ஒன்றுதான் உண்மையில் இடைவெளி. ஆனால் அதற்கும் உள்ளூர் விடை உண்டு. மானசோல்லாசம் சொல்லும் ‘தோசகம்’ கூடப் பருப்பு மாவில் ஆனதே. அது அரிசித் தோசையானதற்கு எந்தத் தீவையும் யாரும் காரணம் காட்டவில்லை. இட்லிக்கு மட்டும் ஏன் கப்பல் தேவைப்படுகிறது? தனி உளுந்து விலை கூடியது, அவித்தால் கனத்தும் போகும். நெல் விளையும் நாட்டில் ஒரு பங்கு உளுந்துக்கு மூன்று, நான்கு பங்கு புழுங்கலரிசி சேர்ப்பது சிக்கனம். அரண்மனைப் பண்டம் ஊர்ப் பண்டமாகும்போது நடக்கிற மாற்றம் இது. காஞ்சிபுரம் இட்லியில் இன்றும் மிளகும் சீரகமும் சுக்கும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். பழைய மசாலா உளுந்துப் பண்டத்துக்கும் இன்றைய வெள்ளை இட்லிக்கும் நடுப்படி அதுவே என்பது என் கருத்து.

கடல் தொடர்பை நான் மறுக்கவில்லை. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தை எழுப்பியது ஸ்ரீவிஜய மன்னர் குலம். லோகோபகாரத்தின் அதே 1025-ஐ ஒட்டித்தான் இராசேந்திரனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தின் மேல் சென்றது. சுமத்ராவின் பாருசில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ் வணிகர் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆனால் போக்குவரத்து இருந்தது என்பதாலேயே எதையும் அதில் ஏற்றிவிட முடியாது. மேலும், கப்பலில் வந்த பண்டம் முதலில் சோழக் கடற்கரையில் அல்லவா இறங்கியிருக்க வேண்டும்? பழைய குறிப்புகளோ கடலுக்கு வெகு தொலைவான கன்னட உள்நாட்டில் கிடைக்கின்றன. நூல்களின் மௌனத்தை அச்சயா சான்றாக்கியது தவறென்றால் தமிழ் நூல்களின் மௌனத்தை நானும் பெரிதாக நம்பக்கூடாது. ஆகவே இதைத் துணைவாதம் என்ற அளவிலேயே வைக்கிறேன்.

இனித் தேடவேண்டிய இடம் இலக்கியமன்று. கோயில் அமுதுபடிக் கல்வெட்டுகள் அரிசி, பருப்பு, நெய், தயிர் ஆகியவற்றை நாழி, உழக்கு, ஆழாக்குக் கணக்கில் தருகின்றன. உளுந்தும் அரிசியும் எந்த விகிதத்தில் ஒரே பண்டத்துக்குச் சேர்ந்து அளக்கப்பட்டன என்று நூற்றாண்டு வாரியாகப் பட்டியலிட்டால், அரிசி எப்போது நுழைந்தது என்பது தெரியவரும். கல்வெட்டுத் துறையினர் இதைக் கையிலெடுக்க வேண்டும். அதுவரை, இட்லியை இந்தோனேசியாவுக்கு எழுதிக்கொடுக்கும் துணுக்குகளை ‘ஊகம்’ என்ற சொல்லோடு அச்சிடுமாறு இதழாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.