கோழி வளர்க்கும் உரிமை: ஆங்கிலத் தோட்டத் துண்டுகளின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

இங்கிலாந்தில் உள்ளூராட்சி மன்றத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்ற சிறு தோட்டத் துண்டில் நாலைந்து பெட்டைக்கோழிகளை வளர்க்க விரும்பும் ஒருவர் முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி பெறவேண்டுமெனப் பல மன்றங்கள் விதித்துள்ளன. கோழிகளின் தொகை, கூட்டின் அளவு, எலித்தொல்லையைத் தடுக்கும் வழி முதலியன விசாரிக்கப்படுகின்றன. ஆயினும், கோழி வளர்ப்பதை அங்கு 1950 ஆம் ஆண்டின் சட்டமொன்று உரிமையாகவே அங்கீகரித்துள்ளது. உரிமையெனச் சட்டம் கூறுவது நடைமுறையில் அனுமதியாக நிற்பதேன் என்பதை வரலாற்று அடிப்படையில் நோக்குதல் பயனுடையது.

‘அலொட்மென்ற்’ எனப்படும் இத்தோட்டத் துண்டின் வரலாறு பொதுநில இழப்பின் வரலாற்றோடு பிணைந்தது. 1604 முதல் 1914 வரை ஐயாயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் நிலம் அவற்றுள் அடங்கியது. பொதுவெளியில் பசுவும் வாத்தும் மேய்த்த கிராமத்து ஏழை கூலியை மட்டும் நம்பி வாழ்பவனானான். 1830 இல் தென்னிங்கிலாந்தில் மூண்ட கமத்தொழிலாளர் கிளர்ச்சியின் பின்னரே, அவனுக்குச் சிறு துண்டு நிலம் குத்தகைக்கு விடும் வழக்கம் விரைந்து பரவியது. பறிக்கப்பட்ட உரிமைக்கு ஈடாக அளிக்கப்பட்டது சலுகையே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அச்சலுகை நிபந்தனைகளுடனேயே வந்தது. ஞாயிறன்று வேலை செய்தலாகாது. குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டோர் துண்டை இழப்பர் என்பன போன்ற விதிகள் பரவலாகக் காணப்பட்டன. கோழி, பன்றி வளர்ப்பதைத் தம் தொழிலாளருக்குத் தடைசெய்த பெருங்கமக்காரரும் இருந்தனர். எசமானின் களஞ்சியத்துத் தானியமே தீனியாகத் திருடப்படும் என்பது அவர்தம் ஐயம். துண்டு பெரிதானால் தொழிலாளி கூலிவேலையை நாடான் என்ற அச்சமும் அவர்களிடையே நிலவியது. எனவே கோழிக்கு விதிக்கப்பட்ட தடையைச் சுகாதாரப் பிரச்சினையாக மட்டும் கொள்வது பொருந்தாது. அது தொழிலாளியின் சார்புநிலையைப் பேணும் பிரச்சினையாகவும் இருந்தது.

1908 ஆம் ஆண்டின் சட்டம், தகுதியுடைய அறுவர் கோரினால் அக்கோரிக்கையை மன்றம் கவனத்திற் கொள்ளவேண்டுமென விதித்து, துண்டு வழங்கும் கடமையை வலியுறுத்தியது. 1922 ஆம் ஆண்டின் சட்டமோ தோட்டத் துண்டுக்கு வரைவிலக்கணம் தந்தது. கால் ஏக்கருக்கு மேற்படாததாய், குடும்பத்தின் நுகர்வுக்கெனக் காய்கறியோ பழமோ முழுமையாக அல்லது பெரும்பாலும் பயிரிடப்படும் நிலமே அதுவாகும். இவ்வரைவிலக்கணத்தில் கோழிக்கு இடமில்லை. ஆகவே அதனை அனுமதிப்பதும் மறுப்பதும் குத்தகைப் பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தனவாயின.

இந்நிலையை மாற்றியது இரண்டாம் உலகப் போரேயாகும். 1941 யூன் மாதத்தில் முட்டை பங்கீட்டுக்கு உட்பட்டது. ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு முட்டை என்பதே பொது அளவு; அதுவும் எப்போதும் கிடைக்கவில்லை. வீட்டிற் கோழி வளர்ப்போர் தம் முட்டைப் பங்கை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகக் கலவைத் தீனியைப் பெறலாமென அரசு ஏற்பாடு செய்தது. அதனைச் சமையற்கழிவுடன் கலந்து ஊட்டும்படி ஊக்குவித்தது. முன்பு தொழிலாளியின் கோழியை ஐயுற்ற சமூகம் இப்போது அதனை நாட்டுப் பணியாகப் போற்றியது.

அற்லியின் தொழிற்கட்சி அரசாங்கக் காலத்தில் நிறைவேறிய 1950 ஆம் ஆண்டின் சட்டம் அப்போர்க்கால அனுபவத்தின் பின்னணியில் எழுந்தது. அதன் 12 ஆம் பிரிவு, குத்தகையிலோ உடன்படிக்கையிலோ எத்தகைய தடை இருப்பினும், நிலத்தைக் கைக்கொண்டிருப்பவர் பெட்டைக்கோழிகளையும் முயல்களையும் வளர்க்கலாம். அதற்கு நியாயமாக வேண்டிய கூடுகளையும் அமைக்கலாம் என்கிறது. தனியார் ஒப்பந்தத்தின் தடையைச் சாதாரண மனிதரின் உணவுத் தேவைக்காகச் சட்டம் செல்லாததாக்கியமையே இதன் முற்போக்கான அம்சம்.

எனினும் அதன் வரையறைகள் கூர்ந்து நோக்கற்பாலன. சேவலுக்கும் பன்றிக்கும் அவ்வுரிமை இல்லை. சுகாதாரக் கேடோ அயலாருக்குத் தொல்லையோ விளைதலாகாது. ஏனைய சட்டங்களும் பாதிக்கப்படலாகா. இவை நியாயமானவையே. ஆனால் வியாபாரமாக வளர்த்தலும் இவ்வுரிமைக்குப் புறம்பானது. முட்டைப் பங்கீடு 1953 வரை நீடித்தமையால் அன்று இதற்கு உடனடிக் காரணம் இருந்திருக்கலாம். பங்கீடு மறைந்த பின்னரும் இவ்வரையறை நிலைத்தது. உழைப்பவன் தன் உணவை ஆக்கலாம், சந்தைக்கு உற்பத்தியாளனாக வரலாகாது என்ற பழைய எண்ணத்தின் சாயலை நாம் இதிற் காண்கிறோம்.

பிற சட்டங்களின் வழியே அனுமதியும் கண்காணிப்பும் மீண்டும் வளர்ந்துள்ளன. போர்க்காலத்தில் அரசே ஊட்டச்சொன்ன சமையற்கழிவு, கால்நடை நோயொன்று பரவிய 2001 ஆம் ஆண்டிலே தடைசெய்யப்பட்டது. பறவைக் காய்ச்சல் காரணமாக, 2024 ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரேயொரு கோழி வைத்திருப்பவரும் அதனைப் பதிவுசெய்ய வேண்டியுள்ளது. நோய்த்தடுப்பின் அவசியத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பெரும் பண்ணையின் நோய் அபாயத்தையும் நாலு கோழிகளின் அபாயத்தையும் ஒரே அளவுகோலால் அளக்கலாமா என்ற வினா எழவே செய்கிறது.

இவற்றினும் அடிப்படையான வரையறை நிலமேயாகும். தோட்டத் துண்டுகளுக்கெனவே மன்றம் வாங்கிய நிலத்தை அமைச்சரின் இசைவின்றி விற்றலாகாது என 1925 ஆம் ஆண்டின் சட்டம் விதிக்கிறது. தற்காலிகத் துண்டுகளுக்கோ அப்பாதுகாப்பு இல்லை. துண்டு பறிபோகுமாயின் கோழி வளர்க்கும் உரிமையும் அதனுடன் போகும். கோழிக்குரிய உரிமையை 1950 இல் வழங்கிய பாராளுமன்றம், அதனைத் தாங்கும் நிலத்துக்குரிய உரிமையை அதே உறுதியுடன் வழங்கவில்லை. உரிமை இன்றும் அனுமதியின் வடிவில் நிற்பதற்கு இதுவே தலையாய காரணம் என்பது எமது முடிபு.