மணவாளக்குறிச்சி மணலும் செங்கோட்டைக் காற்றும்

திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுகொண்டார். அடுத்த சில ஆண்டுகளிலேயே மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை எழுந்தது. அன்றைக்கு எல்லோரும் அதில் தேடியது கேஸ் விளக்கு மேன்டிலுக்கான தோரியத்தை மட்டுமே. கூடவே கிடைத்த லந்தனம் என்ற உலோகத்தைச் சீந்துவாரில்லை. லைட்டர் கல்லுக்குள் சீரியத்தோடு சேர்ந்து ஒண்டிக்கொண்டது.

அதன் இன்னொரு குணம் தெரியவந்தது 1960-களின் இறுதியில். நெதர்லாந்தில் பிலிப்ஸ் ஆய்வகத்தார் காந்தத்துக்காகச் சமாரியம்-கோபால்ட் கலவையைச் சோதித்தபோது, அது ஹைட்ரஜனை உள்ளிழுப்பதைப் பார்த்தார்கள். லந்தனம் ஓர் அணு, நிக்கல் ஐந்து அணு என்று சேர்த்த கலவை இன்னும் அருமையாக இழுத்தது. அறை வெப்பத்தில், சில வளிமண்டல அழுத்தத்தில், ஆறு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளே புகுந்துவிடும். திரவ ஹைட்ரஜனைவிட நெருக்கமாக அடைந்துகொள்ளும். இழுக்கும்போது கலவை சுடும். வெந்நீரால் சூடேற்றினால் வாயுவைத் திருப்பித் தரும். ஏறக்குறைய கால் பங்கு உப்பிச் சுருங்குவதால், சாம்பல் நிறக் கட்டி சில சுற்றுகளிலேயே விரிசல்விட்டு மாவாகிவிடும்.

இதன் உறவுக் கலவைகள்தான் நிக்கல்-ஹைட்ரைடு பேட்டரியாகி, 1997-இல் டொயோட்டா பிரியஸ் காரில் ஏறின. ஆனால் ஹைட்ரஜன் தொட்டியாகக் காரில் வைக்க இது ஆகாது. ஒரு கிலோ ஹைட்ரஜனைச் சுமக்க 70 கிலோ கலவை வேண்டும்.

இருந்த இடத்தில் இருக்கும் தொட்டிக்கு எடை ஒரு பொருட்டா? குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் தென்காசிப் பக்கத்துக் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும். அப்போது மிஞ்சும் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனை இந்தக் கலவையில் அடைத்துவைக்கலாம். காற்று அடங்கிய வேளையில் அதைப் பியூயல் செல்லில் செலுத்தி மின்சாரம் எடுக்கலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனில் 33 யூனிட் ஆற்றல், அதில் பாதி மின்சாரமாகத் திரும்பும். பியூயல் செல்லின் சூடே வாயுவை வெளியேற்றவும் உதவும். பருவம் முழுக்கச் சேமிப்பதற்கு இதன் விலை கட்டாது. ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கப் போதும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் இத்தகைய ஹைட்ரைடு கலவைகளின் ஆய்வு பல்லாண்டுகளாக நடக்கிறது. 1956 வரை மணவாளக்குறிச்சியும் செங்கோட்டையும் ஒரே மாநிலத்து மண். மணலும் காற்றும் நம்முடையவை. ஒரு சோதனைத் தொட்டியையாவது தென்காசிக் காற்றாலையின் அடியில் வைத்துப் பார்க்க வேண்டும்.