பொசிட்டிவ் என்ற ஒரு சொல்லும் எங்கட ஜனாஸாக்களும்

2020 நவம்பர் கடைசியில் அக்கரைப்பற்றுச் சந்தையை ஒட்டி கொரோனா பரவி, அந்தப் பொலிஸ் பிரிவே தனிமைப்படுத்தப்பட்டது. அப்போது கல்முனை முதல் பொத்துவில் வரை எங்கட ஊர்களில் இரண்டு பயம் இருந்தது. ஒன்று நோய்ப் பயம். மற்றது, மௌத்தானால் எரிச்சிடுவாங்களே என்ற பயம். இரண்டுக்கும் காரணமாக இருந்தது பீ.சி.ஆர். முடிவில் வரும் ஒரே சொல்தான்: பொசிட்டிவ். அந்தச் சொல் என்ன சொல்லுது, என்ன சொல்லாமல் விடுது?

பீ.சி.ஆர். என்பது மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸின் மரபணுத் துண்டுகளைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கித் தேடுகிற முறை. எத்தனையாவது சுற்றில் தெரிகிறதோ, அதுதான் சீ.டி. எண். எண் குறைவென்றால் வைரஸ் அதிகம். 20ஆவது சுற்றில் தெரிந்தவருக்கும் 35ஆவது சுற்றில் தெரிந்தவருக்கும் கணக்குப்படி 32,000 மடங்குக்கு மேல் வித்தியாசம். ஆனால் இரண்டு பேரும் பொசிட்டிவ்தான். அதோட, செத்துப்போன வைரஸின் துண்டுகளையும் இந்தச் சோதனை பிடிக்கும். 2020இல் மியூனிக்கில் 9 நோயாளிகளை ஆராய்ந்தபோது, எட்டாம் நாளுக்குப் பிறகு உயிருள்ள வைரஸை வளர்த்தெடுக்க முடியவில்லை. மரபணுத் துண்டுகள் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன.

சரி, வைரஸ் கூடினால் வருத்தமும் கூடுமா? நியூயோர்க்கின் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையில் 1,145 பேரைப் பார்த்ததில், வைரஸ் அளவு கூடியவர்களுக்கு மரண ஆபத்தும் கூடியிருந்தது. ஆனால் இத்தாலியின் வோ என்ற ஊரில், அறிகுறி இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வைரஸ் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. பிரித்தானியாவில் இளம் தொண்டர்களுக்கு வேண்டுமென்றே தொற்று ஏற்றிப் பார்த்த ஆய்விலும், வைரஸ் அளவுக்கும் அறிகுறிகளுக்கும் தொடர்பு தெரியவில்லை.

இதில் முக்கியமானது காலம். கொவிட்டில் வைரஸ் உச்சத்துக்குப் போவது அறிகுறி தொடங்குகிற நாட்களில். அதனால்தான் ஆளுக்கே தெரியுமுன் சந்தையிலும் வீட்டிலும் பரவியது. 2003இன் சார்ஸில் உச்சம் வந்தது பத்தாம் நாளளவில், அதனால் அது அதிகம் பரவியது ஆஸ்பத்திரிகளில். கொவிட்டில் மூச்சுத்திணறல் முற்றுவது பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில், வைரஸ் இறங்கத் தொடங்கிய பிறகு. அப்போது நுரையீரலைத் தாக்குவது பெருமளவில் உடம்பின் சொந்த அழற்சி. டெக்சாமெதசோன் வைரஸைக் கொல்லாது, அழற்சியைத்தான் அடக்கும். ஆனாலும் செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை அது மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாக 2020 ஜூனில் ஒக்ஸ்போர்ட் அறிவித்தது.

இனி எங்கட விஷயத்துக்கு வருவோம். வைரஸ் பெருகுவது உயிருள்ள கலத்தில் மட்டும். மையித்தில் அது பெருகாது. அடக்கம், எரிப்பு இரண்டுக்கும் இடமுண்டு என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24இலேயே சொல்லியிருந்தது. ஆனால் ஏப்ரல் 11 வர்த்தமானி எரிப்பைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்றார்கள். டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. சில நாட்களில் 20 நாள் பச்சைக் குழந்தையும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2021 ஜனவரித் தொடக்கத்தில் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கலாம் என்றது. அனுமதி வந்ததோ பெப்ரவரி 25இல். அதன் பிறகும் ஓர் ஆண்டு, எங்கட ஊர் ஜனாஸாக்கள் சொந்த மையவாடியை விட்டு, மட்டக்களப்பையும் தாண்டி ஓட்டமாவடிக்குப் போயின.

இந்தச் சட்டம் உயிரோடிருந்தவர்களையும் தொட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பொசிட்டிவ் என்பாங்க, மௌத்தானால் எரிப்பாங்க என்று பயந்தவர்கள் வீட்டோடு இருந்தார்கள். ஒட்சிசனும் டெக்சாமெதசோனும் உயிரைக் காப்பாற்றக்கூடிய அந்த இரண்டாம் வாரத்தில், பயம் அவர்களை வாசலில் மறித்தது. நோயைத் தடுக்க வந்த சட்டம் நோயாளியை ஒளிய வைத்தது.

2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்றும் சொல்லப்பட்டது. மன்னிப்பால் ஒரு மையித்தும் கபனுக்குத் திரும்பாது. அடுத்த தொற்று வரும்போது பொசிட்டிவ் என்ற சொல்லோடு நாங்கள் நின்றுவிடக் கூடாது. எவ்வளவு வைரஸ், எத்தனையாம் நாள், எந்த வழியால் பரவும் என்று கேட்க வேண்டும். பதில் இல்லாமல் ஜனாஸாவில் கைவைக்க வருபவரிடம் அதை எழுத்தில் கேட்க வேண்டும்.