உமிழ்நீரில் விளையும் கல்



உணவைக் கண்டதும் வாயூறுவது இயல்பு. சிலருக்கோ அவ்வேளையில் தாடையின்கீழ் வீக்கமும் வலியும் எழுகின்றன. உண்டு முடித்தபின் அவை மெல்லத் தணிகின்றன. உமிழ்நீர் வரும் வழியை ஒரு கல் அடைத்திருப்பதே இதற்குக் காரணமாகலாம். கல் என்றது உவமையன்று. சுண்ணாம்புச் சத்து படலம் படலமாகப் படிந்து இறுகிய உண்மைக் கல்லே அது.

இக்கல்லை அறிய வேண்டுமாயின், உமிழ்நீர் வரும் வழியை முதலில் அறிதல் வேண்டும். 1656-ஆம் ஆண்டில் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கில மருத்துவர், கீழ்த்தாடைச் சுரப்பியிலிருந்து நாவின் அடிக்கு வரும் நாளத்தைத் தம் நூலில் விளக்கினார். நான்கு ஆண்டுகள் கழிந்தன. ஆம்ஸ்டர்டாம் நகரில் நீல்ஸ் ஸ்டென்சன் என்ற 22 வயது டேனிய மாணவர் செம்மறியாட்டின் தலை ஒன்றை அறுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். காதருகில் தென்பட்ட ஒரு நாளத்துள் சலாகையைச் செலுத்தினார். அது பல்லில் மோதி ஒலித்தது!

ஆசிரியர் பிளாசியஸ் அதனை முதலில் ஏற்கவில்லை. மாணவன் சலாகையை அழுத்தியதால் உண்டான துளை என்றார். பின்னரோ, கண்டுபிடித்தவன் தானே என உரிமை கொண்டாடினார்! மாணவர் அஞ்சவில்லை. லெய்டன் நகரில் பேராசிரியர் சில்வியஸ் மனித உடலிலும் அந்நாளத்தைக் கண்டு உறுதிசெய்தார். இன்றும் அது ஸ்டென்சன் பெயரையே தாங்கி நிற்கிறது.

இக்கற்களுள் நூற்றுக்கு ஏறக்குறைய 80 கீழ்த்தாடைச் சுரப்பியைச் சார்ந்தே தோன்றுகின்றன. ஏன்? அங்குச் சுரக்கும் நீர் குழைவு மிக்கது. நாளமோ நீண்டது, மேல்நோக்கி ஏறுவது. ஆகவே நீர் தேங்குகிறது; தேங்கிய இடத்தில் கல் விளைகிறது.

சுரப்பியின் உள்ளே ஆழத்தில் கல் சிக்கினால், கழுத்தை அறுத்துச் சுரப்பியையே அகற்றுவது நெடுங்காலம் வழக்கமாயிருந்தது. 1990-களில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள அகநோக்கிக் குழாய் பயனுக்கு வந்தது. நாளத்தின் வாய் வழியாகவே அதனைச் செலுத்திப் பல கற்களை எடுக்கவும், சுரப்பியைக் காக்கவும் முடிந்தது.

ஸ்டென்சன் பின்னாளில் பாறைகளை ஆராய்ந்தார். கீழ்ப்படலம் முந்தியது, மேற்படலம் பிந்தியது என 1669-இல் எழுதி, நிலவியலுக்கு அடிகோலினார். ஆட்டுத் தலையாயினும் மலைப்பாறையாயினும், பிறர் சொல்லை அன்றித் தம் கண் கண்டதையே அவர் நம்பினார். அன்று அவர் ஆசிரியரின் மறுப்புக்கு அடங்கி வாளாவிருந்திருப்பின், அந்நாளம் அவர் பெயரைத் தாங்கியிராது. கண்டதைச் சான்றுடன் சொல்லும் துணிவே அறிவுக்கு வழி திறக்கிறது, நண்பர்களே!