மணப்பெண்ணின் கொழும்புப் பயணம்: பலகாரச்சூட்டிலிருந்து தோழியர் வார இறுதி வரை

இலங்கைத் தமிழரிடையே, குறிப்பாக யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் புலம்பெயர் நாடுகளிலும் பரந்து வாழும் நடுத்தரக் குடும்பங்களிடையே, மணநாளுக்குச் சில வாரங்களுக்கு முன் மணப்பெண் தன் தோழியரோடும் மச்சாள்மாரோடும் கொழும்பில் இரண்டு மூன்று நாள் தங்கிக் களித்துத் திரும்பும் வழக்கம் அண்மைக் காலத்தில் வேரூன்றி வருகிறது. பிரித்தானியத் தொழிற்சாலைகளில் உடன் வேலை செய்த பெண்கள் மணப்பெண்ணை வேடிக்கையாக அலங்கரித்துத் தெருவில் அழைத்துச் சென்ற பழக்கமும், ஆண்களின் மணத்துக்கு முந்திய குடிவிருந்துக்கு ஈடாக 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டுப் பெண்கள் ஏற்படுத்திக்கொண்ட விருந்தும் இதற்கு முன்மாதிரிகளாக அமைந்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் மணத்தை முன்னிட்டு வடக்கிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பயணத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தனி வரலாறு உண்டு. அப்பயணத்தை யார் மேற்கொண்டனர், யாருடைய அனுமதியோடு மேற்கொண்டனர் என்பதை ஆராயும்போதே இன்றைய வார இறுதியின் புதுமை எதில் உள்ளது என்பது தெளிவாகும்.

மணத்துக்கு முன் பெண்கள் கூடுவது யாழ்ப்பாணத்துச் சமூகத்துக்குப் புதிதன்று. கல்யாண வீட்டுக்கு வேண்டிய பயற்றம் பணியாரம், சிற்றுண்டி, முறுக்கு முதலியவற்றைச் செய்வதற்கு நல்ல நாள் பார்த்து உறவுப் பெண்களும் அயற்பெண்களும் கூடும் நிகழ்வு பலகாரச்சூடு எனப்படும். பகிடியும் ஊர்க்கதையும் மணப்பெண்ணைக் கேலிசெய்தலும் கலந்த இக்கூட்டம், ஆண்களின் பார்வைக்கு அப்பால் பெண்கள் தமக்குள் மகிழ்ந்திருக்கக் கிடைத்த அரிய வாய்ப்பாகும். எனினும் அம்மகிழ்ச்சி வேலையின் பெயரால் மட்டுமே இசைவு பெற்றது. வீட்டு முற்றத்தையும் அடுக்களையையும் தாண்டி அது நகரவில்லை. தாலிக்குரிய பொன்னை மணமகன் வீட்டில் ஆசாரியைக் கொண்டு உருக்குவிக்கும் பொன்னுருக்குச் சடங்கு நிறைவேறிய பின், மணமக்கள் ஒருவரையொருவர் காண்பதும் வெளியே செல்வதும் விலக்கப்பட்டிருந்தமையால், மணப்பெண்ணின் கடைசிக் கன்னி நாட்கள் வீட்டுக்குள்ளேயே கழிந்தன.

இதற்கு மாறாக, மணமாகாத ஆண்களுக்குக் கொழும்பு நெடுங்காலமாகத் திறந்திருந்தது. காங்கேசன்துறை வரையிலான வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இல் முழுமையடைந்து கொழும்போடு நேரடித் தொடர்பு ஏற்பட்டபின், மிஷன் பாடசாலைகளிலும் சைவ வித்தியாசாலைகளிலும் ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் எழுதுவினைஞர்களாகவும் கணக்காளர்களாகவும் தலைநகருக்குப் பெருமளவில் சென்றனர். அவர்களுட் பலர் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கூட்டாக வீடு வாடகைக்கு எடுத்து, சமையலுக்கு ஓர் ஆளை அமர்த்தி, செலவை மாதமுடிவில் பங்கிட்டு வாழ்ந்தனர். பிரமச்சாரிகளின் இக்கூட்டுக் குடித்தனம் சமறி என அழைக்கப்பட்டது. சினிமாவும் காலிமுகத்திடற் காற்றும் சீட்டாட்டமும் கொண்ட சமறி வாழ்க்கை, ஓர் இளைஞன் கல்யாணத்துக்கு முன் அனுபவித்த நீண்ட சுதந்திர காலமாக அமைந்தது. கொழும்பில் உத்தியோகம் என்பது மாப்பிள்ளையின் மதிப்பையும் சீதனத்தின் அளவையும் உயர்த்தியதே அன்றி, அங்கு அவன் தனித்து வாழ்ந்தான் என்பது குறையாகக் கருதப்படவில்லை. அவனுக்கு மனைவியாகி வெள்ளவத்தையில் குடியேறிய பெண்ணோ, பெரும்பாலும் மணத்தின் பின்னரே அந்நகரை முதன்முதலாகக் கண்டாள்.

மணப்பெண் செல்லாத நகருக்கு மணத்தின் பொருட்டுப் பிறர் சென்றனர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 19ஆம் நூற்றாண்டில் கொடுக்கல் வாங்கல் தொழிலை நடத்தி, கதிரேசன் கோயில்களையும் அமைத்த புறக்கோட்டைச் செட்டியார் தெரு, பின்னர் நகைக்கடைகளின் தெருவாகப் பெயர்பெற்றது. யாழ்ப்பாணத்தில் கன்னாதிட்டியிலும் பிறவிடங்களிலும் திறமையான ஆசாரிகள் இருந்தபோதிலும், புதிய வேலைப்பாடுகளையும் பட்டுச்சேலைகளையும் நாடிய வசதி படைத்த குடும்பங்கள் கொழும்புக்குப் போயின. செட்டியார் தெருவுக்கு நடந்து செல்லும் தொலைவிலுள்ள கொட்டாஞ்சேனை, உறவினர் வீடு உள்ளவர்களுக்கு இயல்பான தங்குமிடமாயிற்று. கொழும்புச் செட்டிகள், பரதவர், இந்திய வணிகர், வடக்கிலிருந்து வந்தோர் எனப் பல சமூகத்தினரும் நெருங்கி வாழ்ந்த அப்பகுதியில், சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லாற் புதுப்பித்த பொன்னம்பலவாணேசர் கோயிலும், கொச்சிக்கடை அந்தோனியார் தலமும், புனித லூசியா பேராலயமும் அருகருகே அமைந்திருந்தமையால், வாங்கிய தாலியையோ மோதிரத்தையோ சந்நிதியில் வைத்து எடுத்துச் செல்வதற்கும் இடமிருந்தது. எனினும் இக்கொள்வனவில் மணப்பெண்ணின் விருப்பத்துக்கு இடம் குறைவு. கூறைச்சேலையும் தாலிக்கொடியும் மணமகன் வீட்டார் கொண்டுவர வேண்டியவையாதலின், சேலையின் நிறத்தையும் கொடியின் பவுன் எண்ணிக்கையையும் மாமியாரும் பெரியவர்களுமே முடிவுசெய்தனர்.

இந்நிலை மாறத் தொடங்கியதற்குப் போக்குவரத்தும் கல்வியும் சேர்ந்து காரணமாயின. 1956ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவிப் புகையிரதம், காலையிற் புறப்பட்டுப் பகலிலேயே பயணத்தை முடித்தமையால், இரவு அஞ்சற் புகையிரதத்தில் பெண்களை அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்கும் கொழும்புப் பயணம் எளிதாயிற்று. பல்கலைக்கழகத்திலும் ஆசிரியப் பணியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் இடம்பெற்ற பெண்கள் விடுதிகளில் தங்கிப் பழகியிருந்தனர். தம் கல்யாணத்துக்குரிய சேலையைத் தாமே பார்த்தெடுக்கும் துணிவு இத்தலைமுறையில் தோன்றியது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கமாக வேல் ஊர்வலம் வரும் ஆடிவேல் விழாவின்போது காலி வீதியோரம் முளைத்த வளையற் கடைகளும் கரும்புக் கடைகளும் உறவுப் பெண்கள் கூட்டமாகச் சென்றுவருவதற்குச் சமயச் சார்பான காரணத்தை வழங்கின. ஆடி மாதத்தில் கல்யாணம் நடைபெறாது, ஆவணியில் நடைபெறும். எனவே ஆவணி மணப்பெண்ணுக்கு ஆடிவேலும் கல்யாணக் கொள்வனவும் ஒரே பயணத்தில் அடங்கின. 1970 முதல் 1977 வரை நிலவிய கடுமையான இறக்குமதிக் கட்டுப்பாடு இந்தியப் பட்டை அரிய பொருளாக்கியது; 1977இல் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கையோ கடைகளை நிரப்பியது. கல்யாணச் சாமான் வாங்குவதை முதன்மையாகக் கொண்டு, சினிமாவையும் கடற்கரையையும் ஹோட்டல் சாப்பாட்டையும் இடையிற் செருகிக்கொள்ளும் பயணம் இக்காலத்தில் உருப்பெற்றது எனலாம். ஆயினும் தாயோ பெரியம்மாவோ உடன் வராத பயணம் அரிதாகவே இருந்தது.

1983 யூலையில் தமிழருக்கு எதிராக நிகழ்ந்த வன்செயல் இத்தொடர்ச்சியை முறித்தது. புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. கொழும்பிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி வடக்குக்கு அகதிகளாகத் திரும்பினர். 1990இல் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றுபோயிற்று. ஆனால் கல்யாணப் பயணம் நிற்கவில்லை. மாப்பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் இருந்தமையாலும், அந்நாடுகளின் விசா அலுவல்கள் யாவும் கொழும்பு வழியாகவே நடைபெற வேண்டியிருந்தமையாலும், முன்னெப்போதையும்விடக் கூடுதலான மணப்பெண்கள் தலைநகருக்கு வந்தனர். விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற, பிணை நிற்க ஆள் காட்டி அவர்களிடம் பாஸ் எடுக்க வேண்டும். பின்னர் கிளாலிக் கடனீரேரியை இரவில் வள்ளத்திற் கடக்க வேண்டும். 1995இன் இறுதியில் யாழ் நகர் இராணுவத்தின் கைக்கு மாறியபின் பாதுகாப்புத் தரப்பின் பயண அனுமதி தேவைப்பட்டது. கொழும்பை அடைந்த பின்னும், தங்குமிடத்தைப் பொலிசிற் பதிவுசெய்து, வந்த காரணத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. மாமியாரும் தகப்பனாரும் வழங்கிய பழைய அனுமதியோடு ஆயுதம் ஏந்தியோரின் அனுமதியும் இவ்வாறு சேர்ந்துகொண்டது.

இக்காலத்தின் தனித்த அமைப்பு லொட்ஜ் ஆகும். அறையை நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ வாடகைக்கு விடும் இத்தங்குவிடுதிகள் வெள்ளவத்தையின் ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் பெருகின. கடவுச்சீட்டுக்கும் தூதரக நேர்முகத்துக்கும் காத்திருந்த பெண்கள் தாயுடனோ சகோதரனுடனோ மாதக்கணக்கில் அங்குத் தங்கினர். தொலைபேசியில் மட்டும் பேசிப் பழகிய மணமகனுக்காகக் காத்திருந்த பெண்கள், அதே நிலையிலிருந்த பிற பெண்களோடு நட்புக் கொண்டு, சந்தைக்கும் தையற்கடைக்கும் கோயிலுக்கும் ஒன்றாகச் சென்றதும் இக்காத்திருப்பின் ஒரு பகுதியே. 2002ஆம் ஆண்டு போர்நிறுத்த உடன்படிக்கையின்பின் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 வீதி திறந்தபோது இப்போக்குவரத்து எளிதாயிற்று. 2006 ஓகஸ்டில் அவ்வீதி மூடப்பட்டதும் பழைய இறுக்கம் திரும்பியது. 2007 யூன் 7ஆம் திகதி விடியற்காலையில் பொலிசாரும் படையினரும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களிலுள்ள லொட்ஜுகளைச் சோதனையிட்டு, தங்கியிருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லை எனக் கூறி, 300க்கும் மேற்பட்ட தமிழரைப் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் மறுநாளே இவ்வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. கல்யாணமோ வைத்தியமோ வெளிநாட்டுப் பயணமோ ஒருவர் தலைநகரில் தங்குவதற்குப் போதிய காரணமாகுமா என்பதை அரசே தீர்மானிக்க முனைந்ததன் உச்சநிலையாக அந்நாள் அமைந்தது.

2009இல் போர் முடிந்தபின், 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள், ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பிறந்து வளர்ந்தவர்கள், தம் கல்யாணத்தைக் கொழும்பு மண்டபங்களிலும் நட்சத்திர ஹோட்டல்களிலும் நடத்த வந்தபோது, தோழியரோடு தனித்துக் கழிக்கும் வார இறுதி என்னும் எண்ணமும் அவர்களோடு வந்தது. தோழி என்பவள் மணவறையில் மணப்பெண்ணின் அருகே நிற்பவளாகவே மரபில் அறியப்பட்டவள். இப்போது அவளே ஏற்பாட்டாளரும் பொருளாளருமாகி, தங்குமிடத்தை ஒழுங்குசெய்து செலவைத் தோழியரிடையே பங்கிடுகிறாள். பழைய சமறியின் கணக்கு முறை, பாலும் தலைமுறையும் மாறி, அதே வெள்ளவத்தையில் இரண்டு நாள் அளவிற்கு மீண்டும் நடைமுறைக்கு வருகிறது. மறைன் டிறைவ் எனப்படும் கரையோர வீதியின் உணவகங்களும், கடலை நோக்கிய தொடர்மாடி வீடுகளும், 2011இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட பழைய ஒல்லாந்தர் மருத்துவமனைக் கட்டடத்தின் விருந்தகங்களும் இக்கூட்டங்களின் களங்களாகியுள்ளன. பகலிற் செட்டியார் தெருவில் நகை பார்ப்பதும் மருதோன்றி இடுவித்துக்கொள்வதும் பழைய பயணத்தின் எச்சங்களாகத் தொடர்கின்றன.

திட்டமிடலில் மரபின் நாட்காட்டி இன்னும் வலுவோடு செயற்படுகிறது. பொன்னுருக்குக்குப் பின் வெளியே செல்லலாகாது என்னும் விதியைப் பெரியவர்கள் பேணும் வீடுகளில், தோழியர் பயணம் அதற்கு முந்திய வார இறுதிக்குள் அடங்க வேண்டும். மேலைநாடுகளின் கோடை விடுமுறையும் ஆவணி முகூர்த்தங்களும் நெருங்கி வருவதால், ஆடி மாதம் மீண்டும் பெண்களின் கொழும்புப் பயணத்துக்குரிய காலமாகிறது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கல்யாணத்தைப் போலவே இத்தகைய களிப்பையும் தவக்காலத்தில் தவிர்க்கின்றன. முழுமதி நாளாகிய போயாவில் மதுவும் இறைச்சியும் விற்கப்படாமையால், அந்நாள் வார இறுதியில் வருகிறதா என்பதும் பார்க்கப்படுகிறது. பெண்களுக்கு மது விற்பதைத் தடைசெய்த பழைய விதியை 2018 ஜனவரியில் அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கியபோது, சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தை மீளப்பெறுமாறு பணித்தார். பெண்கள் நகரில் எவ்வாறு மகிழலாம் என்பதில் அரசு கொண்டுள்ள கருத்து, போர்க்காலச் சோதனைச்சாவடியோடு தொடங்கியதும் அன்று, அதனோடு முடிந்ததும் அன்று என்பதற்கு இது சான்றாகும்.

தோழியர் வார இறுதியை மேலைநாட்டு ஆடம்பரம் என்று பழிப்போர், அதன் செலவையும் அதில் உள்ள போட்டி மனப்பான்மையையும் சுட்டுவது நியாயமே; பலகாரச்சூட்டில் அயல் முழுவதற்கும் இடமிருந்தது, இன்றைய பயணத்தில் பங்குத்தொகை செலுத்தக்கூடிய தோழிக்கு மட்டுமே இடமுண்டு என்பதும் உண்மை. ஆனால் மகிழ்ச்சியோ பயணமோ நகரமோ இதில் புதியவை அல்ல என்பதை மேற்கண்ட வரலாறு காட்டுகிறது. பலகாரச்சூட்டில் வேலையும், யாழ்தேவிப் பயணத்தில் கொள்வனவும், ஆடிவேலில் வழிபாடும், லொட்ஜில் விசாவும் காரணமாகக் காட்டப்பட்டே பெண்கள் ஒன்றுகூட முடிந்தது; வீட்டாருக்கோ புலிகளுக்கோ பொலிசுக்கோ ஒவ்வொரு முறையும் அக்காரணத்தைச் சொல்லியாக வேண்டியிருந்தது. சேர்ந்திருக்க விரும்புகிறோம் என்பதையே போதிய காரணமாகக் கொண்டு, நாளையும் துணையையும் மணப்பெண்ணே தெரிவுசெய்யும் முதற் பயணம் என்ற வகையில், இவ்வார இறுதி அந்நீண்ட வரிசையில் தனியிடம் பெறுகிறது.