சமப்பங்கும் சபை வளர்ச்சியும்

‘பிரெஸ்பிட்டீரியன்’ என்னும் பெயர், ‘மூத்தவர்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. தமிழ் விவிலியம் அச்சொல்லை ‘மூப்பர்’ என வழங்குகின்றது. மூப்பர் கூடிச் சபையை ஆளும் முறையே இப்பிரிவினர்க்கு அடையாளமாகும். இம்முறையில் பேராயர் என ஒருவர் போதகர்க்கு மேல் நின்று ஆணையிடுதல் இல்லை. ஊர்ச் சபையை மூப்பரவையும், பல ஊர்ச் சபைகளை வட்டார அவையும், நாடு முழுவதையும் பொதுப் பேரவையும் நடத்தும். இவ்வவைகளுள் ஒரு போதகர் மற்றொரு போதகர்க்குத் தாழ்ந்தவரும் அல்லர், உயர்ந்தவரும் அல்லர். இக்கொள்கை அவை நடுவே பேசப்படும் அளவில் நின்றதா, அன்றிப் போதகர்தம் அடுப்பங்கரை வரை சென்றதா என்னும் வினாவிற்கு, 19-ஆம் நூற்றாண்டு ஸ்காத்லாந்து வரலாறு தக்கதொரு விடை தருகின்றது. அவ்விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிரிவின் காரணம்

ஸ்காத்லாந்தில் 1560-இல் சமயச் சீர்திருத்தம் நிகழ்ந்தது. 1592-இல் மூப்பராட்சி சட்ட ஒப்புதல் பெற்றது. எனினும், 1712-இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இயற்றிய புரவலர் சட்டம், ஓர் ஊர்ச் சபைக்குப் போதகரை முன்மொழியும் உரிமையை நிலக்கிழார் முதலிய புரவலர்பால் மீண்டும் சேர்த்தது. சபையோர் விரும்பாத ஒருவரை அவர்தம் மேய்ப்பராக அமர்த்துதல் அறமாகாது என்னும் எண்ணம் நாளடைவில் வலுப்பெற்றது. 1834-இல் பொதுப் பேரவை, குடும்பத் தலைவருள் பெரும்பான்மையோர் மறுத்தால் அந்நியமனம் செல்லாது என விதித்தது. அவ்வாண்டே ஆக்டரார்டர் என்னும் ஊரில் ஒருவர் முன்மொழியப்பட, அவர்தம் அழைப்பில் ஊரார் இருவரே கையொப்பமிட்டனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. 1838-இல் எடின்பரோ நீதிமன்றமும், 1839-இல் பிரபுக்கள் அவையும் புரவலர் பக்கமே தீர்ப்பளித்தன.

இதன் விளைவாக, 1843 மே 18-ஆம் நாள், எடின்பரோவில் கூடிய பேரவையினின்று டேவிட் வெல்ஷ் என்பார் எதிர்ப்புரை படித்து வெளியேறினார். பலர் அவரைப் பின்தொடர்ந்து சென்று, தான்ஃபீல்டு மண்டபத்தில் கூடி, தாமஸ் சால்மர்ஸ் என்னும் பேரறிஞரைத் தலைவராகக் கொண்டனர். இவ்வாறு தோன்றியதே ‘பிரீ சர்ச்’ எனப்பட்ட தன்னுரிமைத் திருச்சபை. ஏறத்தாழ 1,200 போதகருள் 474 பேர் பதவி துறக்கும் ஆவணத்தில் கையொப்பமிட்டனர். அவர் துறந்தவை பதவி மட்டும் அல்ல. கோயிலும், குருமனையும், நிலத்தின் தசமபாகத்தினின்று வந்த ஊதியமும் ஒருங்கே போயின.

தாங்குநிதியின் அமைப்பு

இவ்விழப்பைச் சால்மர்ஸ் முன்னரே எதிர்நோக்கியிருந்தார். 1842 நவம்பரில் 400-க்கும் மேற்பட்ட போதகர் எடின்பரோவில் கூடியபோதே, அரசின் துணையின்றிப் போதகரைப் பேணும் திட்டமொன்றை அவர் விளக்கினார். அதுவே போதகர் தாங்குநிதி. ஒவ்வொரு சபையும் தான் திரட்டும் காணிக்கையைத் தன் போதகர்க்கு நேரே அளியாது, நடுநிதிக்கு அனுப்புதல் வேண்டும். உதவிக்காரரவையின் சார்பில் தண்டுவோர் வீடுதோறும் சென்று சிறு தொகைகளைப் பெறுவர். நடுநிதியில் சேர்ந்த தொகை, செல்வச் சபைப் போதகர் வறிய சபைப் போதகர் என்னும் வேறுபாடின்றிச் சமமாகப் பகுக்கப்படும். ‘சிறு துளி பெருவெள்ளம்’ என்னும் நம் பழமொழிப் பொருளே இத்திட்டத்தின் அடிப்படை எனலாம்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பழைய அமைப்பிலும் போதகர் அனைவரும் அவையில் நிகரானவரே. ஆயின் அவர்தம் ஊதியம் ஊரின் நிலவளத்தைப் பொறுத்து வேறுபட்டது. அரசின் துணையை இழந்த பின்னரே, அவை நடுவிலிருந்த நிகர்மை வாழ்க்கையிலும் இடம்பெற்றது. எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் செல்வச் சபைகள் தாம் பெற்றதினும் மிகுதியாக அளித்தன. மேட்டுநிலப் பகுதியிலும் தீவுகளிலும் வாழ்ந்த குடியானவர் சபைகள் தாம் அளித்ததினும் மிகுதியாகப் பெற்றன. இவ்வுதவி கொடையாளர் முகம் பார்த்து இரந்து பெறும் பிச்சை அன்று, உரிமைப் பங்கு. வறிய ஊரின் போதகர் எவரிடத்தும் தலைகுனியாது தம் பணியைச் செய்ய இயன்றமைக்கு இதுவே காரணம்.

இருப்பிடமும் இடமறுப்பும்

ஊதியம் ஒருவாறு அமைந்தும் இருப்பிடம் அமையவில்லை. வடகடலை ஒட்டிய டங் என்னும் ஊரில், போதகராயிருந்த தந்தையும் மகனும் குருமனையை நீங்கித் தக்க உறைவிடமின்றி வாழ்ந்து இறந்த செய்தி பலர் நெஞ்சை உருக்கிற்று. தாமஸ் கத்ரி என்னும் எடின்பரோப் போதகர், தம் உடன்பணியாளர்க்கு வீடு கட்டித் தருதலைத் தம் கடனாக மேற்கொண்டு நாடெங்கும் சென்று பேசினார். 1845 ஜூலை தொடங்கி ஓராண்டிற்குள் 1,16,000 பவுனுக்கு மேல் வாக்களிக்கப்பட்டது.

நிலக்கிழார் சிலர் கோயில் கட்ட இடந்தர மறுத்தனர். கான்பியில் மக்கள் நெடுஞ்சாலையில் நின்று வழிபட்டனர். ஸ்த்ரான்சியன் ஊரார்க்கு நிலத்தில் இடம் கிடையாமையால், 1846-இல் இரும்பாலான மிதவைக் கோயில் ஒன்று சூனார்ட் கடற்கழியில் நிறுத்தப்பட்டது. நூறு பேர் ஏறினால் அது ஓரங்குலம் நீரில் தாழும் என்றும், அதனைக் கொண்டே எந்தப் போதகர்க்கு எத்துணைப் பேர் வந்தனர் என ஊரார் கணித்தனர் என்றும் செய்தி வழங்குகின்றது. 1847-இல் நாடாளுமன்றக் குழுவொன்று இவ்விடமறுப்பை ஆராய்ந்தது. தனித்து நின்ற ஊர்ச் சபை நிலக்கிழாரை இவ்வாறு எதிர்த்து நிலைத்திருத்தல் அரிது. பிற சபைகளின் பொருளும் பிற போதகர்தம் குரலும் பின்னின்றமையாலேயே அது நிலைத்தது.

இரு குறைகள்

இவ்வரலாற்றைப் புகழ்ச்சியோடு முடித்துவிடுதல் ஆராய்ச்சி நெறி ஆகாது. இதன்கண் இரு குறைகள் உள.

முதலாவது, சமப்பங்கின் உள்ளேயே அமைந்த இடர்ப்பாடு. எவ்வளவு அனுப்பினும் கிடைப்பது ஒன்றே எனின், தர இயன்ற சபையும் சோர்தல் இயல்பு. சால்மர்ஸே இதனை உணர்ந்து வருந்தினார். ஒரு சபை அனுப்பும் தொகையோடு அதிற் பாதியைக் கூட்டி அச்சபையின் போதகர்க்கு அளிக்கும் முறை 1844-இல் புகுத்தப்பட்டது. அது நெடிது நிலைக்கவில்லை. முயற்சிக்குத் தக்க பங்கு என்னும் நெறி நேர்மையானதாகத் தோன்றினும், மிக வறிய சபைக்கே அது மிகக் குறைவாக அளிக்கும். ஆகலின் சமப்பங்கே நின்றது. எனினும், நடுநிதிக்கு அளித்தபின் ஒரு சபை தன் போதகர்க்குத் தனியே மிகுதொகை தரலாம் என்னும் விதி இருந்தமையால், நகரப் போதகர்க்கும் நாட்டுப்புறப் போதகர்க்கும் இடையே வேற்றுமை முற்றும் நீங்கவில்லை.

இரண்டாவது குறை அறம் பற்றியது. 1844-இல் அமெரிக்க ஐக்கிய நாடு சென்ற தூதுக் குழு ஏறத்தாழ 3,000 பவுன் திரட்டிற்று. அதன் ஒரு பகுதி அடிமைகளை உடைய தென்மாநிலத்தாரிடமிருந்து வந்தது. அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த பிரடரிக் டக்ளஸ், 1846-இல் ஸ்காத்லாந்து நகரங்களில் பேசி, அப்பணத்தைத் திருப்பி அனுப்புமாறு வற்புறுத்தினார். அவ்வேண்டுகோள் தெருச் சுவர்களிலும் எழுதப்பட்டது. திருச்சபையோ பணத்தைத் திருப்பவில்லை. தம் சபையோரின் உரிமைக்காக அனைத்தையும் துறந்தவர், உரிமையே அற்ற பிறருடைய உழைப்பின் பயனைப் பெறத் துணிந்தனர். உடன்போதகரின் வறுமையைத் துடைக்கும் ஆர்வம், அதற்கான பொருள் வந்த வழியைக் காணாதவாறு கண்ணை மறைத்தது போலும்.

சென்னையோடு தொடர்பு

இப்பிரிவு கடல் கடந்தும் எதிரொலித்தது. ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் பொதுப் பேரவைப் பள்ளியைத் தொடங்கியிருந்தார். 1843-இல் இந்தியாவிலிருந்த ஸ்காத்லாந்துத் திருச்சபை மிஷனரிமார் அனைவரும் தன்னுரிமைத் திருச்சபையின் பக்கம் நின்றனர்; ஆண்டர்சனும் அவருள் ஒருவர். அப்பள்ளியே பின்னர் வில்லியம் மில்லர் காலத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாய் வளர்ந்து, 1937-இல் தாம்பரத்தில் குடியேறியது. தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றை ஆராய்வார், ஸ்காத்லாந்தில் வீடுதோறும் தண்டிய சிறு காணிக்கைகளின் வரலாற்றையும் உடன்வைத்து நோக்குதல் நலம்.

முடிபு

புரவலர் உரிமை 1874-இல் நீக்கப்பட்டது. தன்னுரிமைத் திருச்சபையின் பெரும்பகுதி 1900-இல் ஐக்கிய பிரெஸ்பிட்டீரியன் திருச்சபையோடு இணைந்தது. அவ்விணைப்பில் உருவான திருச்சபையின் பெரும்பகுதி 1929-இல் ஸ்காத்லாந்துத் திருச்சபையோடு மீண்டும் ஒன்றாயிற்று. பிரிந்தோர் கூடினர், ஆயினும் பிரிவு கற்பித்த பாடம் மறையவில்லை.

போதகர் ஒருவரையொருவர் தாங்குதல் என்பதனை அன்புரையாகவும் வேண்டுதலாகவும் மட்டும் கொள்வது வழக்கம். ஸ்காத்லாந்துப் போதகர் அதனைக் கணக்கேட்டில் எழுதத்தக்க கடமையாக ஆக்கினர். உதவியைப் பெறுவோர் நாணாதவாறும், தருவோர் செருக்காதவாறும் அதனை அமைத்தனர். நாட்டின் கடைக்கோடிச் சபையும் மூடப்படாது வளர்ந்தமைக்கு இவ்வமைப்பே முதற்காரணம் எனத் துணியலாம். அவ்வுதவியின் எல்லை தம் இனத்தாரோடு நின்றவிடத்து அதன் மாண்பு குன்றியது என்பதனையும் அவ்வரலாறே காட்டுகின்றது. நிகர்மை என்னும் கொள்கையைத் தம்முள் நிறைவேற்றியோர், அதனைத் தமக்கு அப்பாலும் கொண்டு செல்லுதற்குக் கடமைப்பட்டவர் ஆவர்.