சிறு பட்டறைகள் கடல் கடந்த வரலாறு

ஒரு நாட்டின் சரக்கு அயல்நாட்டுச் சந்தையில் நிலைபெற வேண்டுவன யாவை? முதலும் இயந்திரமும் இருந்தால் போதும் என்பர் சிலர். விலை குறைந்தால் போதும் என்பர் வேறு சிலர். இவை வேண்டுவனவே, ஆயினும் போதுவன அல்ல. பிறநாட்டார் விரும்பும் தரத்தில் ஒரு பொருளைச் செய்யவும், அத்தரத்தை மெய்ப்பிக்கவும், அதனை அறியாதாரிடம் கொண்டு சென்று விற்கவும் ஒரு தனித் தேர்ச்சி வேண்டும். பெரிய ஆலை இத்தேர்ச்சியை விலை கொடுத்துப் பெறலாம். பத்துப்பேர் வேலை செய்யும் சிறு பட்டறை என்ன செய்யும்? இவ்வினாவிற்கு 1950ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் கண்ட விடையினை இன்று உங்களுக்குக் கூற விழைகின்றேன்.

1945இல் போர் முடிந்தபோது ஜப்பானின் நகரங்கள் பலவும் சாம்பலாய்க் கிடந்தன. உணவிற்கும் எண்ணெய்க்கும் மூலப்பொருளுக்கும் அந்நாடு பிறரையே நம்பியிருந்தது. அவற்றை வாங்க அந்நியச் செலாவணி வேண்டும். அதற்கு ஏற்றுமதி வேண்டும். ஆனால் ஜப்பானியச் சரக்கு என்றாலே மலிவானது, விரைவில் உடைவது என்ற பெயர் போருக்கு முன்னரே பரவியிருந்தது. பின்னாளில் சோனி நிறுவனத்தின் தலைவராய்ப் புகழ்பெற்ற அக்கியோ மொரிட்டா, 1953இல் ஜெர்மனிக்குச் சென்றார். டுசல்டார்ப் நகரத்து உணவுவிடுதி ஒன்றில், ஐஸ்கிரீமின்மேல் செருகியிருந்த சிறு காகிதக் குடையைக் காட்டி, 'இது உங்கள் நாட்டுப் பொருள்' என்று பணியாள் அன்புடனே கூறினாராம். தம் நாட்டைப் பற்றி உலகம் அறிந்தது அவ்வளவுதானா என்று மொரிட்டா மனம் வருந்தியதைத் தம் நூலில் எழுதியிருக்கின்றார்.

இந்நிலையை மாற்றிய முயற்சிகளுள் முதலாவது, அளவுகளை ஒன்றாக்கியது. போர்க்கருவிகள் செய்த தொழிற்சாலைகள் பல, போருக்குப்பின் தையல் இயந்திரம் செய்யத் தொடங்கின. ஒவ்வொருவரும் தத்தம் அளவில் செய்தால், ஒருவர் செய்த உறுப்பு மற்றவர் இயந்திரத்தில் பொருந்தாது. ஆகவே வீட்டுத் தையல் இயந்திரம் ஒன்றன் அமைப்பையும் உறுப்புகளின் அளவுகளையும் பொதுவாக வரையறுத்துக்கொண்டனர். அதன்பின் ஒரு பட்டறை திருகாணி மட்டும் செய்தது. மற்றொன்று ஊசித்தண்டு மட்டும் செய்தது. வேறொன்று அவற்றைக் கூட்டி இயந்திரமாக்கியது. ஒரே உறுப்பைத் திரும்பத் திரும்பச் செய்ததனால் கைத்தேர்ச்சி வளர்ந்தது, விலையும் தாழ்ந்தது.

இரண்டாவது முயற்சி, காமிராத் தொழிலில் விளங்கியது. 1950இல் கொரியப் போரைப் படமெடுக்கச் சென்ற 'லைப்' இதழின் டேவிட் டக்ளஸ் டங்கன் முதலானோர், ஜப்பானிய லென்ஸின் தெளிவைக் கண்டு வியந்தனர். அவ்வாண்டின் இறுதியில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழும் இச்செய்தியை வெளியிட்டது. உடனே காமிரா செய்வோர் பெருகினர். நாலரைப் பாய் விரிக்கும் அளவான சிற்றறையில் உறுப்புகளைக் கூட்டிக் காமிரா செய்தவர்களும் உண்டு. 'நாலரைப் பாய்ப் பட்டறைக்காரர்' என்றே அவர்களுக்குப் பெயர் வழங்கிற்று. ஆங்கில எழுத்துகளில் ஏறக்குறைய எல்லா எழுத்தையும் முதலாகக் கொண்ட காமிராப் பெயர்கள் சந்தையில் இருந்தனவாம்.

இங்கேதான் இடர்ப்பாடு தோன்றியது. ஒரு பட்டறை பழுதான காமிராவை அனுப்பினால், வாங்கியவர் அப்பட்டறையைக் குறை கூறுவதில்லை. ஜப்பானையே குறை கூறினார். ஒருவன் செய்த பிழை ஊராரின் நாணயத்தைக் கெடுத்தது. ஆதலின் 1954இல் ஜப்பானியக் காமிராச் சோதனைக் கழகம் நிறுவப்பெற்றது. தேர்ந்த கருவிகளுக்கு நீள்வட்ட வடிவில் பொன்னிறச் சீட்டு ஒட்டப்பெற்றது. பழைய காமிராக்களைச் சேர்ப்போர் அச்சீட்டை இன்றும் காணலாம். 1957இல் ஏற்றுமதிச் சோதனைச் சட்டம் இயற்றப்பெற்றது. பட்டியலில் அடங்கிய பொருள்கள் சோதனையில் தேறாமல் கப்பலேறுதல் கூடாது என்பது விதி.

பள்ளி ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றிய எனக்கு, இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பு. தேர்வு வைப்பதனால் மட்டும் மாணவன் கற்றுவிடுவானா? தேறாதவன் யார் என்பதைத் தேர்வு காட்டும். தேறும் வழியை அது காட்டாது. சோதனைச் சட்டத்தோடு ஜப்பானியர் நின்றிருந்தால், சிறு பட்டறைகள் பல வாயிலிலேயே தடுக்கப்பட்டு மூடியிருக்கும். அவர்கள் கற்பித்தலையும் உடன் வைத்தனர். இதுவே இவ்வரலாற்றின் உயிர்நிலை என்று நான் கருதுகின்றேன்.

1946இல் தோன்றிய விஞ்ஞானிகள், பொறியாளர் சங்கம் 1950இல் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங்கை அழைத்து விரிவுரைகள் ஆற்றச் செய்தது. செய்து முடித்தபின் பழுதைப் பொறுக்குவதைவிட, செய்யும் முறையிலேயே பழுது நேராமல் காத்தல் சிறந்தது என்பது அவர் போதனையின் சாரம். இவ்வறிவு பொறியாளரோடு நின்றுவிடவில்லை. 1956இல் தொழிற்சாலை மேஸ்திரிகளுக்கென்றே வானொலிப் பாடங்கள் ஒலிபரப்பப்பெற்றன. வானொலி கேட்கும் நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவதன்றோ! 1962இல் மேஸ்திரிகளுக்கென்று ஓர் இதழும் தொடங்கிற்று; தொழிலாளர் குழுவாய்க் கூடித் தம் வேலையின் குறைகளைத் தாமே ஆராயும் வழக்கம் அதனால் பரவியது. மாவட்டங்களில் அரசினர் நடத்திய சோதனைச் சாலைகள், தனியே அளவுக்கருவி வாங்க இயலாத பட்டறைகளுக்குக் கருவியும் அறிவுரையும் அளித்தன.

நல்ல பொருளைச் செய்தாயிற்று, யாரிடம் விற்பது? 1951இல் வணிகர் நகரமாகிய ஒசாகாவில், அயல்நாட்டுச் சந்தைகளை ஆராயும் அமைப்பொன்று தோன்றியது. அதுவே வளர்ந்து, 1958இல் தனிச் சட்டத்தின்வழி 'ஜெட்ரோ' என்னும் ஏற்றுமதி வளர்ச்சி நிறுவனமாயிற்று. எந்நாட்டில் எப்பொருள் விரும்பப்படுகின்றது, சுங்கம் எவ்வளவு, விதிகள் யாவை என்று விசாரித்துச் சிறு தொழிலாளர்க்கு அறிவித்தல் அதன் பணி. கடல் கடந்து ஓர் ஆளை அனுப்பும் வசதியற்ற நூறு பட்டறைகளுக்கு அது பொதுக்கண்ணாய் விளங்கிற்று.

விற்பனையும் கற்கத்தக்க கலையே என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். 1946இல் ஏறத்தாழ இருபதுபேருடன் தொடங்கிய ஒரு டோக்கியோ நிறுவனம், 1955இல் டிரான்சிஸ்டர் வானொலியைச் செய்தது. அமெரிக்காவின் புலோவா நிறுவனம் 1,00,000 வானொலிகள் வாங்க முன்வந்தது. ஆனால் அவற்றின்மேல் தன் பெயரையே பொறிக்க வேண்டும் என்றது. அப்பெரும் வாய்ப்பை மொரிட்டா மறுத்தார். தம் பெயரிலேயே விற்கக் கற்றுக்கொள்ளாவிடின், என்றும் பிறர்க்குப் பணிசெய்யும் பட்டறையாகவே இருக்க நேரும் என்பது அவர் எண்ணம். 1958இல் அந்நிறுவனம் சோனி என்று பெயர் மாற்றிக்கொண்டது.

எனினும் இவ்வரலாற்றை வெற்றிக் கதையாக மட்டும் கூறுதல் முறையன்று. நாலரைப் பாய்ப் பட்டறைகளுள் மிகப்பல மறைந்துபோயின. பிறர் வடிவத்தைப் பார்த்துச் செய்யும் வழக்கம் குறித்து அயல்நாட்டார் முறையிட்டமையால், 1959இல் ஏற்றுமதி வடிவமைப்புச் சட்டம் ஒன்றும் வேண்டியதாயிற்று. நீகாட்டா மாவட்டத்துச் சுபாமே ஊரில், வீட்டுப் பட்டறைகளில் துருப்பிடிக்காத எஃகுக் கரண்டிகளும் முட்கரண்டிகளும் செய்தனர். அவை அமெரிக்காவில் பெருக விற்றமையால், அந்நாட்டு உற்பத்தியாளர் முறையிட, 1959இல் இறக்குமதிக்கு வரம்பு கட்டப்பட்டது. ஒரே சந்தையை நம்பியவர்களின் வாழ்வு, அயல்நாட்டார் ஒருவரின் கையெழுத்தினால் ஆட்டங்கண்டது. புதிய சந்தைகளைத் தேடுதல் பேராசையன்று. தற்காப்பு என்பதை இதனால் அறிகின்றோம்.

காலம் மாறியது. தரம் பட்டறைகளின் வழக்கமாகிவிட்டமையால் சோதனைச் சட்டம் தேவையற்றதாகி, 1997இல் நீக்கப்பெற்றது. நடை பழகிய குழந்தைக்கு நடைவண்டி எதற்கு? காமிராக் கழகம் 1989இல் தொடங்கிய அருங்காட்சியகம் டோக்கியோவில் அத்தொழிலின் வரலாற்றைக் காட்டுகின்றது.

நம் நாட்டிலும் இதனையொத்த முயற்சிகள் நிகழ்ந்தன. 1954இல் சிறுதொழில்களுக்கென மைய அரசு ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை திறக்கப்பெற்றது. 1963இல் நமக்கும் ஏற்றுமதித் தரச்சோதனைச் சட்டம் வந்தது. 1959இல் ஜப்பானியர் தொடங்கிய பயிற்சி நிறுவனத்தில் கற்றுவந்தோர் சென்னையிலும் சங்கம் அமைத்துள்ளனர்.

இன்று கிண்டியிலோ கோவையிலோ ஒரு சிறு பட்டறை உடைமையாளர் எஃகைக் கடைவதில் எவர்க்கும் இளைத்தவர் அல்லர். ஆனால் ஐரோப்பியச் சந்தையில் பலவகைப் பொருள்களுக்கு வேண்டிய 'சிஇ' குறிக்கு என்னென்ன சோதனை, என்னென்ன ஆவணம் என்று வினவினால் தயங்குகின்றார். அயல்நாட்டார் விடுக்கும் கடிதத்திற்கு மறுமொழி எழுதவும் தயங்குகின்றார். இது திறமைக் குறைவன்று, கற்பிக்கப்படாத பாடம். தொழில்நுட்பப் பள்ளிகள் கடைசல் வேலையோடு இப்பாடத்தையும் கற்பித்தல் வேண்டும். பட்டறைகள் ஒன்று சேர்ந்து ஒரு சோதனைச் சாலையையும், அயல்மொழி அறிந்த ஓர் எழுத்தரையும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். தனித்தனியே ஆகாத செலவு, கூடினால் ஆகும்.

காகிதக் குடையை அனுப்பிய நாடு நுண்கருவிகளை அனுப்பும் நாடாயிற்று. அதற்கு ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது. அத்தலைமுறை பட்டறைக்குள்ளேயே பள்ளியை நடத்தியது என்பதை நாம் மறத்தல் ஆகாது.